தேடியதேட்டம்: இளங்குடும்பங்களின் சேமிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலியாணம் முடிந்து நான்கைந்து வருடங்களான ஓர் இளம் தம்பதியரிடம் எங்கள் பகுதியில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. "வீடு முடிஞ்சுதோ?", "காணி கீணி ஏதும் வாங்கினியளோ?", "கொடி கையிலையோ, அடைவிலையோ?" கேள்வி இத்தோடு நின்றுவிடுவதில்லை. "உன்னோடை படிச்ச பெடியன்தானே, அவன் மேல் வீடும் கட்டிப்போட்டான்" என்ற ஒப்பீடும் பின்னாலேயே வரும். சுன்னாகம் சந்தையடியில், கலியாண வீட்டுப் பந்தலில், பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் என எங்கும் இது நடக்கின்றது. முடிவும் முன்கூட்டியே தெரிந்ததுதான். சேர்த்தவன் கெட்டிக்காரன், சேர்க்காதவன் ஊதாரி.

இவ்வழக்கம் எங்களூருக்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பம் எவ்வளவு சேமிக்கும் என்பது, அயலில் உள்ளவர்களோடு ஒப்பிடுகையில் அக்குடும்பம் எந்த இடத்தில் நிற்கின்றது என்பதைப் பெரிதும் பொறுத்தது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டூசன்பெரி 1949இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சில ஆண்டுகளின் பின் பிராங்கோ மொடிக்லியானி இன்னொரு விளக்கத்தைத் தந்தார். இளமையில் குறைவாகச் சேமித்தலும் கடன்படுதலும், நடுவயதில் கூடுதலாகச் சேர்த்தலும், முதுமையில் சேர்த்ததை எடுத்துண்ணலும் வாழ்க்கையின் இயல்பான ஓட்டம் என்பது அவர் கருத்து. 1985இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விரு விளக்கங்களும் ஒரு விடயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. ஒரு முறை சேர்த்தது சேர்த்த இடத்திலேயே இருக்கும் என்பதே அது. வடபுலத்தின் கடந்த நூறாண்டு வரலாறு அந்த எடுகோளுக்கு இடம்தரவில்லை. இங்கு ஒத்த வயதும் ஒத்த உழைப்பும் உடைய இரு குடும்பங்களின் கையிருப்பு வேறுபட்டமைக்குச் சிக்கனத்தைவிடச் சேமிப்பின் வடிவமே கூடிய காரணமாயிற்று. சேர்த்தது காணியாக இருந்ததா, பவுணாக இருந்ததா, காசாக, கடைச் சரக்காக, பிறருக்குக் கொடுத்த கடனாக இருந்ததா என்பதைக் கேளாமல் யாரையும் கெட்டிக்காரன் என்றோ ஊதாரி என்றோ சொல்லிவிட முடியாது. இதனைச் சில காலகட்டங்களினூடாக நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

சட்டம் காத்த சொல்

இளங்குடும்பத்தின் சேமிப்புக்கு யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு. தேடியதேட்டம் என்பதே அது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இப்பகுதியின் வழமைகளைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இத் தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாக வகுக்கும். தந்தைவழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கலியாணத்தின் பின் கணவனும் மனைவியுமாக ஈட்டியது தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் அதன் வரைவிலக்கணத்தை மாற்றி அமைத்தபோதும் சொல்லை விட்டுவிடவில்லை.

முஸ்லிம்களுக்குத் தேசவழமை உரியதன்று. அதே 1806இல் முஸ்லிம்களுக்கெனத் தனியான சட்டக்கோவை ஒன்று பிரகடனமாயிற்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. மஹர் மணமகனால் மணமகளுக்கு உரியதாவது. கைக்கூலி மணமகள் தரப்பினரால் மணமகனுக்குக் கொடுக்கப்படுவது. சட்டங்கள் இப்படி வேறுபட்டாலும் நடைமுறையில் இரு சமூகத்தாரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமை என்று இருசாராருமே பெரும்பாலும் கருதி வந்துள்ளனர்.

ஒப்பீடு பிழைக்கத் தொடங்கும் முதல் இடம் இதுதான். வீட்டோடு வாழ்க்கை தொடங்கும் தம்பதியர் முதல் மாதச் சம்பளத்திலேயே மிச்சம் பிடிக்கலாம். வாடகை வீட்டில் தொடங்குவோருக்கு அது இயலாது. நாம் இரண்டு இளங்குடும்பங்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு உண்மையில் அவர்களின் பெற்றோரையே ஒப்பிடுகின்றோம். பெற்றோரிடம் கொடுக்க நிலமே இருந்திராத சமூகத்தவரும் இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பிறர் தோட்டத்தில் உழைத்த அவர்களுடைய சேமிப்பு ஓர் ஆடாகவோ, இரண்டு காதுத் தோடாகவோ மட்டுமே இருக்க முடிந்தது. தேசவழமையின் மூன்று சொற்களில் முதலிரண்டும் அவர்களின் வாழ்க்கையில் பெரிதும் பொருளற்றவை.

மணியோடரும் பிடியரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் பதவிகளை நிரப்பினர். மணியோடர் பொருளாதாரம் என்று பின்னாளில் பெயர்பெற்ற வாழ்க்கை அப்போது உருவாயிற்று. காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை 1902இல் யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டதும், 1905இல் கொழும்போடு இணைந்ததும் இவ்வோட்டத்தைத் துரிதப்படுத்தின. இடையில் இருந்த சுன்னாகம், தோட்டக்காரரின் விளைபொருளும் வெளியூர்க் காசும் ஒன்றாகப் புழங்கும் சந்தையாக வளர்ந்தது. 1930இல் தொடங்கிய ஈழகேசரி இந்தச் சுன்னாகத்திலிருந்தே வெளிவந்தது என்பது இலக்கிய வாசகர் அறிந்த செய்தி.

மலாயாக் காசு வந்த வீட்டையும் தோட்டத்தை நம்பிய வீட்டையும் அக்காலத்தில் ஒப்பிட்டோருக்கு விடை வெளிப்படையாகவே தெரிந்திருக்கும். ஆனால் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. மணியோடர் நின்றது. மலாயா ஓய்வூதியமும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் கடிதமே வராத வீடுகளில் மரக்கறித் தோட்டமும் பசுவும் வைத்திருந்த அயலவரே அதிட்டசாலிகளாயினர். மலாயாக் குடும்பம் அந்த ஆண்டுகளில் ஊதாரித்தனம் எதுவும் செய்துவிடவில்லை. அதன் சேமிப்பு கடலுக்கு அப்பால் இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு இணையாக இன்னொரு வகைச் சேமிப்பும் வளர்ந்தது. ஜெர்மனியில் ரைபைசன் தொடக்கிய கிராமியக் கடன் சங்கங்களைப் பின்பற்றி இந்தியாவில் 1904இலும் இலங்கையில் 1911இலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் பிறந்தன. தமிழ்நாட்டின் திரூரில் 1904இலேயே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையே கட்டப்பட்டது. இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் பாடசாலை அதிபருமான வீரசிங்கத்தின் பெயரை யாழ் நகர மண்டபம் இன்றும் தாங்கி நிற்கின்றது.

இச்சங்கங்களின் தொடக்க காலப் பொறுப்பு எல்லையற்ற பொறுப்பு. ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் மற்றெல்லோரும் பொறுப்பு. ஆதலால் அயலவரின் நாணயமே இங்கு முதலீடாயிற்று. பெண்கள் தமக்குள் நடத்திய சீட்டும் அத்தகையது. மாதாமாதம் எல்லோரும் கட்டும் காசை ஒருவர் முறைவைத்து எடுப்பார். அவசரக்காரர் கழிவு விட்டு முந்தி எடுப்பார். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கமும் இருந்தது. இவற்றுள் சங்கத்துக் கணக்கு மட்டுமே ஏட்டில் ஏறியது. சீட்டும் பிடியரிசியும் கைமாற்றும் ஊராரின் நினைவில் மட்டுமே இருந்தன.

வெங்காயக் காலம்

1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அந்த ஆண்டின் இறுதியில் 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையாக்கியது. குறித்த நாளுக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெட்டகத்துள் நோட்டாக வைத்திருந்த குடும்பங்கள் கேள்விகளுக்கு முகங்கொடுக்க, காணியாகவும் பவுணாகவும் வைத்திருந்தோருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

அதே அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு அது பொற்காலமாயிற்று. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் சுன்னாகம் சந்தையிலிருந்து லொறி லொறியாகத் தெற்குக்குப் போயின. துலா இருந்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. கூரை வீடு கல் வீடாயிற்று. அதுவரை கந்தோர் உத்தியோகத்தரையே மாப்பிள்ளையாகத் தேடிய பெற்றோர் தோட்டக்காரப் பெடியனையும் விசாரிக்கத் தொடங்கினர். ஒன்றாகப் படித்த இருவரில் எழுதுவினைஞரானவன் பின்தங்க, தோட்டம் செய்தவன் முந்தினான்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிப் பொருள்கள் வந்து குவிய, வெங்காய விலையும் மிளகாய் விலையும் தளம்பின. உழைப்பு அதுவே. மண்ணும் அதுவே. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு ஒப்பீட்டின் விடையை மாற்றி எழுதியது. கிடைத்த காசை மேலும் ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தில் போட்டவனும், இரண்டு பரப்புக் காணி வாங்கியவனும், பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டவனும் 1980களில் வெவ்வேறு இடங்களில் நின்றனர். 1983க்குப் பின் படித்த பிள்ளை வெளிநாடு போனான். மலாயாவின் இடத்தைக் கனடாவும் லண்டனும் சுவிசும் பிடித்தன. மணியோடரின் இடத்தை வங்கி மாற்றலும் உண்டியல் முறையும் பிடித்தன.

ஒரே திகதி

1990களின் தொடக்கத்தில் விடுதலைப்புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிக் குடும்பங்களிடம் இரண்டு பவுண் கோரினர். பவுணும் கேட்பார் இல்லாத சேமிப்பு அன்று என்பதை ஊர் அப்போது கண்டது. எனினும் அதே 1990இன் ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களுக்கு நேர்ந்தது வேறு தரத்தது.

அம்மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சாவகச்சேரியில் மாத நடுப்பகுதியிலேயே அது நடந்தது. 30ஆம் திகதி யாழ் நகரத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேறினர். கையில் கொண்டுபோகச் சில நூறு ரூபாவே அனுமதிக்கப்பட்டது. யாழ் நகரில் அது 150 ரூபா என்று பதிவாகியுள்ளது. சோதனைச் சாவடிகளில் பெண்களின் காதணிகளும் கழற்றப்பட்டன.

சேமிப்பின் வடிவம் என்ற நோக்கில் இதனைப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுள் பலர் வியாபாரிகள். இரும்புக் கடை, தையற்கடை, இறைச்சிக் கடை, லொறி என்று வாழ்ந்தவர்கள். வியாபாரியின் சேமிப்பு அலுமாரியில் இருப்பதில்லை. அது அடுக்கிய சரக்கிலும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனிலும் இருக்கும். கடன் கொப்பியில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை தமிழ் அயலவரின் பெயர்கள். ஒரு சமூகம் தன் சேமிப்பை இன்னொரு சமூகத்தின் நாணயத்தில் வைத்திருந்தது என்று இதனைக் கூறலாம். இரண்டு மணி நேரத்தில் சரக்கு போயிற்று, நகை போயிற்று, கடன் கொப்பி வெறும் கொப்பியாயிற்று. தப்பியது வங்கிப் பேரேட்டில் எழுதப்பட்டிருந்த தொகையும், எடுத்துச் செல்ல முடிந்தோரிடம் இருந்த காணி உறுதியும். அயலவரிடம் வீட்டுத் திறப்பை ஒப்படைத்துச் சென்றோரும் உளர்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் வெளியேறினர். இராணுவம் முன்னேறிவர, இடம்பெயருமாறு புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். சுன்னாகமும் இரவோடு இரவாக வெறிச்சோடியது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தனர் என்று கணிக்கப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெரும்பாலானோர் திரும்பினர். வீடுகளின் கதவு, ஓடு, தளபாடம் போயிருந்தன. காணி இருந்தது. கொடி கழுத்தில் இருந்தது.

துன்பங்களைத் தராசில் வைப்பது முறையன்று. ஆயினும் சேமிப்பை ஒப்பிடுவோர் இவ்விரு ஒக்டோபர்களின் வேறுபாட்டைக் கவனியாமல் இருக்க முடியாது. ஒரு சாரார் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு போய், ஆறு மாதத்தில் தம் வளவுக்குத் திரும்பினர். மறுசாரார் காதணியும் இன்றிப் போய், புத்தளத்து முகாம்களில் இரு தசாப்தங்கள் வாழ்ந்தனர். 1990இல் கலியாணமாகி ஐந்து வருடமான ஒரு சோனகத்தெருக் குடும்பத்தினதும் 1995இல் அதே நிலையில் இருந்த ஒரு சுன்னாகக் குடும்பத்தினதும் தேடியதேட்டம் அதற்கு முந்திய நாள் வரை ஒரே அளவினதாக இருந்திருக்கலாம்.

சுன்னாகத்துக்குள்ளேயே இன்னொரு வேறுபாடும் இருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோர் இங்கு சபாபதிப்பிள்ளை முகாமிலும் அயல் முகாம்களிலும் பல்லாண்டுகள் தங்கினர். அவர்களிடம் உறுதி இருந்தது. உறுதியில் எழுதப்பட்ட காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. எல்லா வடிவங்களிலும் உறுதியானது காணி என்ற யாழ்ப்பாணத்தாரின் நம்பிக்கை அவர்கள் விடயத்தில் பொய்த்தது.

பாதை திறந்த பின்

2009இல் யுத்தம் முடிந்து ஏ9 பாதை தடையின்றித் திறந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வடக்கில் கிளைக்குமேல் கிளை திறந்தன. லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வந்தன. சேமித்து வாங்குதல் என்ற பழைய ஒழுங்கு, வாங்கிவிட்டுக் கட்டுதல் என்று மாறியது. வாகனம் கண்ணுக்குத் தெரிந்தது, தவணைப் புத்தகம் தெரியவில்லை. பார்த்தோர் ஒப்பிட்டனர், ஒப்பிட்டோரும் லீசிங்குக்குப் போயினர். டூசன்பெரி எழுதியதற்கு எங்கள் சந்தி உதாரணமாயிற்று.

பெண்களைக் குழுவாக்கி வார வாரம் தவணை அறவிடும் நுண்கடன், வெளித்தோற்றத்தில் பழைய சீட்டை ஒத்தது. ஆனால் சீட்டில் கழிவு குழுவுக்குள்ளேயே பிரிந்தது. நுண்கடனில் வட்டி ஊரை விட்டு வெளியேறியது. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனில் சிக்கிய பெண்களுக்கு நிவாரணத் திட்டம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

கிணறும் ஒரு சேமிப்புத்தான். வெட்டிக் கட்டிய கிணறு உள்ள காணிக்கே விலை. சுன்னாகம் மின்நிலையப் பகுதியை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. காணி அதே இடத்தில் இருக்கவே அதன் பெறுமதி நிலத்தடியில் கெட்டுப்போகலாம் என்பதற்கு இது சான்று.

பின்னர் 2022 வந்தது. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. வைப்புப் புத்தகத்தில் ரூபாவாகச் சேர்த்திருந்த அரச ஊழியரின் பல வருடச் சிக்கனம் கரைந்தது. பவுணாக வைத்திருந்தோர் தப்பினர். வெளிநாட்டில் ஒரு சகோதரன் உள்ளோர், முன்னர் அனுப்பிய அதே டொலருக்குக் கூடிய ரூபா பெற்றனர். 1942இல் கடல் கடந்த காசை நம்பியோர் தோற்றனர். 2022இல் அதையே நம்பியோர் வென்றனர்.

சராசரி என்னும் கணக்கு

ஒப்பீட்டுக்குப் புள்ளிவிபரம் துணைநிற்காதா என்று கேட்கலாம். குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு அலகு வருமான செலவு மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் இடையம் 53,333 ரூபா. அதாவது நாட்டின் பாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்கு மேற்படாத வருமானத்திலேயே வாழ்ந்தன.

வகுப்பில் இதனை விளக்க நான் கையாளும் உதாரணம் எளியது. ஐந்து குடும்பங்கள் மாதத்தில் 1,000, 2,000, 3,000, 4,000, 90,000 ரூபா வீதம் சேமிக்கின்றன. சராசரி 20,000. நடுவில் நிற்கும் குடும்பத்தின் சேமிப்பு 3,000. "சராசரி 20,000 சேமிக்க, நீங்கள் ஏன் 3,000 மட்டும்?" என்று அக்குடும்பத்தைக் கேட்டால் அது கணக்கறியாதார் கேள்வி. மாணவர் இதனை உடனே விளங்கிக்கொள்கின்றனர். கலியாணப் பந்தலில் பெரியவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வங்கிக் கணக்குகள் காட்டாத சேமிப்பும் உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் வைப்புத் தொகையாகச் சேர்க்காமல் நகையாக, சரக்காக, பங்கு வியாபாரமாகச் சேர்க்கின்றன. மலாயாவில் இதே நிலைமையைக் கண்ட பொருளியலாளர் உங்கு அசீஸ், ஹஜ்ஜுக்காகக் கிராமத்தவர் வீட்டில் ஒளித்துவைத்த பணத்துக்கு வட்டியற்ற ஒரு நிதியத்தை 1959இல் முன்மொழிந்தார். 1963இல் செயற்படத் தொடங்கி இன்று தாபுங் ஹாஜி என்று அறியப்படுவது அதுவே. எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடக்கிய சேமிப்பு வங்கியும் அதே 1963ஐச் சேர்ந்தது. இலங்கையில் 2011இலேயே முழுமையாக இவ்வழியில் இயங்கும் வங்கியொன்று வந்தது. 1990இல் அத்தகைய வழி திறந்திருக்குமாயின் சோனகத்தெருவின் சேமிப்பில் ஒரு பகுதியாவது சோதனைச் சாவடிக்கு எட்டாத ஏட்டில் இருந்திருக்கக்கூடும்.

எழுதப்படாத நிரல்

2009க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் முன்னர் இருந்தவற்றுள் ஒரு பகுதியே. திரும்பியோருள் இன்று முப்பது வயதளவில் உள்ள இளம் தம்பதியர் முகாமில் பிறந்தவர்கள். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் அவர்களின் பெற்றோருக்கும் தெரியும். கொடுக்க வீடு இருக்கவில்லை. புத்தளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய சிறு வீட்டை விட்டு வந்தால் அதுவும் போய்விடும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடை போடும் இரண்டு இளைஞர்களில் ஒருவர் வீட்டோடு தொடங்கியவர், மற்றவர் வாடகையோடு தொடங்கியவர். இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து இரண்டாமவரைச் சிக்கனமற்றவர் என்பது, 1990ஐ இன்னொரு முறை அவர்மேல் சுமத்துவதாகும்.

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தோர் இதனால் காணியை இழக்க நேருமென்பதால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடாதிருக்க அது வழிசெய்தது. வழக்கிடுவதற்கு இரண்டு வருட அவகாசமும் விதித்தது. காணி வடிவிலான சேமிப்புக்கு இவ்வாறு ஒரு கதவு, குறுகிய காலத்துக்கேனும், திறந்தது. கழற்றப்பட்ட காதணிக்கும் விட்டுவந்த சரக்குக்கும் கடன் கொப்பிக்கும் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை.

அவற்றை எழுதிவைக்கவேனும் நம்மால் இயலும். 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். கடையில் என்ன சரக்கு இருந்தது, யார் யார் கடன் தரவேண்டியிருந்தது, சீட்டில் எத்தனை மாதம் கட்டியிருந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பாடசாலைகளின் மூத்த மாணவர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினாலே போதும். சுன்னாகத்து மாணவரும் தம் பாட்டன், பாட்டியிடம் கேட்கலாம். அக்காலத்துக் கடன் கொப்பியின் மறுபுறம் அவர்கள் நினைவிலும் இருக்கக்கூடும். கொடுக்கவேண்டியிருந்தவரும் வாங்கவேண்டியிருந்தவரும் இன்னும் உயிரோடிருக்கும் காலம் அதிகமில்லை.